அனலாக் டிலே: 300 மில்லிசெகண்ட் போதுமா, 600 வேண்டுமா?

ஆறுகம்பி:

வணக்கம் நண்பர்களே. எலெக்ட்ரிக் கிட்டாருக்கு முதல்முறையாக ஓர் அனலாக் டிலே (வாசித்த ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திருப்பித் தரும் பெடல்) வாங்கப் பார்க்கிறேன். பெடல் போர்டில் இப்போது இருப்பவை ட்யூனர், டியூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ், ஒரு டிஜிட்டல் ரிவர்ப். மூன்றுக்கும் ஒரே 9 வோல்ட் அடாப்டர், கிளை பிரிகிற வயர் வழியாக. ஆம்ப் 15 வாட் வால்வ், பெரும்பாலும் கிளீன் சேனல். சர்ச் ஆராதனைப் பாட்டுகள்தான் முக்கிய வேலை, கொஞ்சம் ராக்கபிலியும் உண்டு. பாட்டுகளின் வேகம் 70 முதல் 130 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை அடி) வரை.

கண்ணில் பட்டவை மூன்று: பாஸ் டிஎம்-2டபிள்யூ, எம்எக்ஸ்ஆர் கார்பன் காப்பி, அப்புறம் விலையில் கால்வாசிகூட வராத, மேலே "அனலாக்" என்று எழுதிய ஒரு சின்னப் பெடல்.

எதை எடுக்கலாம்? ஆம்ப் முன்னால் போடுவதா, எஃபெக்ட்ஸ் லூப்பிலா (ஆம்பின் ப்ரீஆம்புக்குப் பின்னால் பெடல் செருகும் வாய்)? டாட்டட் எய்ட்த் டிலேயை (முக்கால் அடி தள்ளி ரிப்பீட் விழுவது) டேப் பட்டன் (காலால் தட்டி வேகம் வைப்பது) இல்லாமல் சரியாக வைக்க வழி உண்டா?

சால்டரிங்_சாமி:

பிராண்டை அப்புறம் பார்ப்போம் தம்பி, முதலில் பிபிஎம் கணக்கு.

அனலாக் டிலேயின் இதயம் பிபிடி என்கிற சிப். பிலிப்ஸ் ஆய்வகத்தில் சாங்ஸ்டர், டீர் என்ற இருவர் 1969-ல் கொண்டுவந்த சங்கதி. உள்ளே ஆயிரக்கணக்கான குட்டிக் கெபாசிட்டர்கள். வரிசையில் நிற்பவர்கள் தண்ணீர் வாளியைக் கைமாற்றுவது மாதிரி, ஒவ்வொரு கிளாக் துடிப்புக்கும் வோல்டேஜ் ஒரு படி தள்ளிப் போகும். மொத்தப் படிகளைக் கிளாக் வேகத்தின் இரு மடங்கால் வகுத்தால் டிலே நேரம் வந்துவிடும். எம்என்3005, எம்என்3205 இரண்டிலும் 4096 படி. அதில் ஒன்றை வைத்து 300 மில்லிசெகண்ட் எடுக்க, கிளாக்கை 6.8 கிலோஹெர்ட்ஸ் வரை இறக்கியாக வேண்டும். கிளாக்கில் பாதிக்கு மேலான ஒலி உள்ளே போனால் சம்பந்தமில்லாத சுருதியாக வெளியே வரும். அதனால்தான் சிப்புக்கு முன்னும் பின்னும் லோபாஸ் ஃபில்டர் (உயர்ந்த ஒலியைத் தடுப்பது) போட்டு 3 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்திலேயே ஒலியை வெட்டுகிறார்கள். விளம்பரத்தில் "கதகதப்பான ரிப்பீட்" என்று வருவது இந்த வெட்டுதான். ஒவ்வொரு ரிப்பீட்டும் அதே ஃபில்டரை மறுபடி தாண்டுவதால் போகப்போக இன்னும் மங்கும்.

நேரம் கூட வேண்டும், ட்ரெபிளும் (உயர்ந்த ஒலியும்) வேண்டும் என்றால் சிப்பைக் கூட்டுவது ஒன்றே வழி. 4096 படி சிப் இரண்டை அடுக்கிய 600 மில்லிசெகண்ட் பெடலும், ஒற்றைச் சிப் 300 பெடலும், முழு நேரத்தில் வைத்தால் ஏறக்குறைய ஒரே மங்கல்தான். இன்னொன்றையும் சேர்த்துப் புரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான பெடல்களில் ஃபில்டர் நிலையானது, அதிக நேரத்துக்கு ஏற்றபடி அளந்து வைத்தது. டிலே நாபைக் குறைத்தால் இரைச்சல் குறையுமே தவிர, வெட்டிய ட்ரெபிள் திரும்பி வராது.

இனி உங்கள் பட்டியல். டிஎம்-2டபிள்யூ ஸ்டாண்டர்ட் மோடில் 20 முதல் 300 மில்லிசெகண்ட். 1981-ல் வந்த பழைய டிஎம்-2வின் அதே குணம். கஸ்டம் மோடுக்குத் தள்ளினால் 800 வரை போகும், ரிப்பீட்டும் கொஞ்சம் தெளிவு. எக்ஸ்பிரஷன் பெடல் மாட்டி நேரத்தைக் காலால் மாற்றலாம். கார்பன் காப்பி 600 வரை. மூன்றே நாப், ரிப்பீட்டின் சுருதியை லேசாக ஆட்டும் ஒரு மாட் பட்டன், நல்ல மங்கலான ரிப்பீட். சோலோவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும், வழிமறிக்காது. ராக்கபிலி ஸ்லாப்பேக் (சட்டென்று வரும் ஒரே ஒரு எக்கோ) மட்டும் என்றால் இபனேஸ் ஏடி9 போல 300 மில்லிசெகண்ட் பெடலே தாராளம். உங்களுக்கு 70 பிபிஎம் பாட்டும் உண்டு என்பதால் என் ஓட்டு டிஎம்-2டபிள்யூ.

மூன்றாவது பெடலைப் பற்றி: பின்தகட்டின் நாலு ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள். 16 கால் சிப் ஒன்றில் பிடி2399 என்று இருந்தால் அது டிஜிட்டல். ஒலியை எண்ணாக்கி 44 கிலோபிட் மெமரியில் வைத்துத் திருப்பித் தருகிற, கரோக்கி எக்கோவுக்குப் பேர்போன சிப். அனலாக் என்றால் எம்என்3205 அல்லது வி3205 போன்ற எண்ணும், பக்கத்தில் கிளாக்குக்கு எம்என்3102 அல்லது வி3102-ம் தென்படும். பிடி2399 கெட்ட சிப் அல்ல. 340 மில்லிசெகண்டுக்குள் வைத்தால் பிபிடியை ஒட்டிய மங்கல் ஒலி, அந்த விலைக்கு நியாயம். அதற்கு மேல் இழுத்தால் ஒரு கரகரப்பு ஒட்டிக்கொள்ளும். 600 என்று பெட்டியில் போட்டிருந்தாலும் காதுக்கு ஒத்துவருவது அதில் பாதிதான்.

தகதிமி_டிலே:

சாமி அண்ணன் கணக்கு சரி, முடிவுதான் எனக்கு ஒத்துவரவில்லை.

கேட்டவர் ஆராதனைக் குழுவில் வாசிக்கிறார். அங்கே டாட்டட் எய்ட்த் என்பது பாட்டின் தாளத்தோடு பின்னிக்கொள்ள வேண்டிய விஷயம். ரிப்பீட் வெடிப்பாக, ஏறக்குறைய வாசித்த நோட்டின் அளவுக்கே சத்தமாக வந்தால்தான் அந்த ஓட்டம் கேட்கும். 3 கிலோஹெர்ட்ஸில் வெட்டிய ரிப்பீட் கீபோர்டின் நீண்ட பேட் ஒலிக்குள் மூழ்கிவிடும். மிக்ஸை (ரிப்பீட்டின் சத்த அளவை) கூட்டினால் தெளிவு வராது, சேறுதான் வரும். போதாததற்கு, பாட்டுக்குப் பாட்டு குனிந்து நாபைத் தேட முடியாது. அந்த வேலைக்கு டேப் பட்டன் உள்ள டிஜிட்டல் டிலே எடுங்கள். அனலாக் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால் டேப் உள்ள அனலாக் பாருங்கள்: கார்பன் காப்பி டீலக்ஸ், டீலக்ஸ் மெமரி மேன் 550-டிடி, கை தாராளமென்றால் 2023-ல் வந்த பாஸ் டிஎம்-101. இவற்றில் மைக்ரோகன்ட்ரோலர் கிளாக்கை மட்டுமே ஆளும், ஒலி போகிற பாதை பிபிடிதான்.

சரி, டேப் இல்லாமல் வைக்கும் வழி. 60,000-ஐ பிபிஎம்மால் வகுத்தால் ஓர் அடியின் நீளம் மில்லிசெகண்டில். தகதிமி என்று அந்த அடியை நாலாக வெட்டி, அதில் மூன்று தள்ளி ரிப்பீட் விழுவதுதான் டாட்டட் எய்ட்த். எனவே 45,000-ஐ பிபிஎம்மால் வகுத்தால் போதும். 120-க்கு 375, 100-க்கு 450, 75-க்கு 600, 70-க்கு 643. அதாவது 600 மில்லிசெகண்ட் பெடலில் 75 பிபிஎம்முக்குக் கீழே டாட்டட் எய்ட்த் கிடையவே கிடையாது. 550 பெடலுக்கு எல்லை 82. 300 பெடலில் 150-க்கு மேல்தான், அந்த வேகத்தில் யார் ஆராதனை செய்கிறார்கள்!

நாபில் மில்லிசெகண்ட் எழுதியிருக்காது, எழுதியிருந்தாலும் நம்பக்கூடாது. மெட்ரோனோமைப் பாட்டின் பிபிஎம்மில் வைக்காமல், அதை 4-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்து வரும் எண்ணில் வையுங்கள். 96 பாட்டுக்கு 128, 84 பாட்டுக்கு 112. அந்த மெட்ரோனோமின் ஒவ்வொரு 'டிக்'குக்கும் இடைவெளிதான் உங்களுக்கு வேண்டிய டிலே. ரிப்பீட் நாபை ஒரே ஒரு ரிப்பீட் வருகிற அளவுக்குக் குறைத்து, மிக்ஸைக் கூட்டி, கம்பிகளை இடக்கையால் அமுக்கிக்கொண்டு 'டிக்'கோடு சேர்த்து ஒரு 'சிக்' அடியுங்கள். ரிப்பீட் அடுத்த 'டிக்'கின் மேல் சரியாக உட்காரும்வரை டிலே நாபைத் திருப்புங்கள். ரிப்பீட் முந்தினால் நேரம் போதவில்லை, பிந்தினால் அதிகம். அந்த இடத்தில் நாபின் ஓரம் மாஸ்கிங் டேப் ஒட்டிக் கோடு போட்டு பிபிஎம்மை எழுதிவிடுங்கள். ஒரு பெடலில் மூன்று நாலு கோடு வரை தாங்கும்.

முக்கியமான ஒன்று: நம் பாட்டுகளில் பாதி 6/8, அதாவது திஸ்ர நடை. அதில் டாட்டட் எய்ட்த் வைத்தால் தாளம் கந்தலாகும். தகிட என்று அடியை மூன்றாக வெட்டி, ஒன்று அல்லது இரண்டு தள்ளி வையுங்கள். நிமிடத்துக்கு 60 பெரிய அடி என்றால் 333 அல்லது 667. இந்த 333-க்குச் சாதாரண 600 பெடல் அழகாகப் பொருந்தும். அந்த மங்கல் ரிப்பீட்டும் மெதுவான 6/8 பாட்டுக்கு உண்மையிலேயே இதம்தான், இதை மட்டும் அனலாக்காரர்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன்.

இரவல்_ஆம்ப்:

எங்கே மாட்டுவது என்ற கேள்வியை இருவரும் தாண்டிவிட்டார்கள்.

உங்கள் ஆம்ப் கிளீன், எனவே லூப் தேவையே இல்லை. கிட்டார், ட்யூனர், ஓவர்டிரைவ், டிலே, ரிவர்ப், ஆம்ப் இன்புட் என்று போங்கள். ஓவர்டிரைவை டிலேக்குப் பின்னால் போட்டால் நோட்டும் அதன் ரிப்பீட்டும் சேர்ந்தே கிளிப் ஆகும், அதாவது உச்சி வெட்டுப்பட்டு உடையும். தேய்ந்து போக வேண்டிய ரிப்பீட்டுகளை ஓவர்டிரைவ் அமுக்கி ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும், காலம் கடந்தும் அடங்காது. ஆம்பின் கெயினையே கூட்டி டிஸ்டார்ஷன் எடுப்பவர்களுக்கும் இதே தொல்லை, அவர்களுக்காகத்தான் லூப்.

லூப்பில் போடுவதாக இருந்தால் அதன் லெவலைப் பாருங்கள். சில ஆம்ப்களின் லூப் +4 டிபியூ, அதாவது 1.2 வோல்ட் ஆர்எம்எஸ் சுற்றி. பிபிடி சிப் அதைத் தாங்காது. நேர் ஒலி சுத்தமாகவும் ரிப்பீட் மட்டும் பிளந்தும் கேட்டால் இதுதான் காரணம். லூப்பில் -10 (குறைந்த லெவல்) சுவிட்ச் இருந்தால் அதற்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஆம்ப் முன்னாலேயே போடுங்கள். டிலேக்கு முன்னால் பூஸ்டரை 15 டெசிபெல் ஏற்றி வைத்தாலும் இதே விளைவு. உங்கள் ஓவர்டிரைவின் லெவல் நாபும் பூஸ்டர்தான், மறந்துவிடாதீர்கள். சோலோவுக்குச் சத்தம் கூட்ட வேண்டுமென்றால் பூஸ்டரை டிலேக்குப் பின்னால் வையுங்கள்.

ராக்கபிலிக்கு: நேரம் 90 முதல் 130 மில்லிசெகண்ட், ரிப்பீட் நாப் கிட்டத்தட்ட பூஜ்ஜியம், மிக்ஸ் நேர் ஒலிக்குக் கொஞ்சம் கீழே. ஒரே ஒரு திருப்பியடி, அவ்வளவுதான். இரண்டாவது ரிப்பீட் காதில் விழுந்தால் ஸ்லாப்பேக் போய்விட்டது என்று அர்த்தம். சோலோ தடிமனுக்கு 350 முதல் 400, மூன்று நாலு ரிப்பீட், மிக்ஸ் கால் பங்கு. டிலேயை அணைத்தால் "என்னமோ குறைகிறதே" என்று தோன்ற வேண்டும், போட்டிருக்கும்போது டிலே என்று தனியாகத் தெரியக்கூடாது.

ரிப்பீட் நாப் 2 மணி, 3 மணி இடத்தைத் தாண்டினால் பெடல் தானாகவே ஊளையிட ஆரம்பிக்கும். ஒவ்வொரு ரிப்பீட்டும் முந்தையதைவிடச் சத்தமாக வருவதால் இது நிற்காது, ஏறிக்கொண்டே போகும். அந்த நிலையில் டிலே நாபைத் திருப்பினால் சுருதி மேலும் கீழும் வழுக்கும், நேரத்தைக் குறைத்தால் மேலே, கூட்டினால் கீழே. விளையாட நன்றாகத்தான் இருக்கும். இன்-இயர் மானிட்டர் போட்ட பாடகர் குழுவில் இருந்தால் வேண்டாம்.

இன்னும் ஒன்று. கார்பன் காப்பி ட்ரூ பைபாஸ் (அணைத்தால் ஒலி சர்க்யூட்டைத் தொடாமல் நேராகப் போகும்), காலால் அணைத்த நொடியே ரிப்பீட் வால் வெட்டுப்படும். பாட்டு முடிவில் வால் தேயட்டும் என்றால் அணைக்காமல் காத்திருக்க வேண்டும். வாங்கும் முன் எந்தப் பெடலிலும் இதைக் கடையிலேயே சோதியுங்கள்.

ஆறுகம்பி:

எல்லோருக்கும் நன்றி. 600 மில்லிசெகண்ட் அனலாக் ஒன்றை இரவல் வாங்கி, ஓவர்டிரைவுக்கும் ரிவர்புக்கும் நடுவே மாட்டியிருக்கிறேன். வாசிக்காமல் இருக்கும்போது மெல்லிய "கீ…" சத்தம் வருகிறது. டிலேயை அணைத்தாலும் கொஞ்சம் இருக்கிறது. சிப் போய்விட்டதா? பயாஸ் ட்ரிம்மை (சிப்பின் இன்புட் வோல்டேஜைச் சரிசெய்யும், உள்ளே இருக்கும் குட்டித் திருகை) திருப்பினால் சரியாகும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள்.

சால்டரிங்_சாமி:

ட்ரிம்மைத் தொடாதீர்கள், தொட வேண்டிய இடம் அதுவல்ல.

முதலில் டிலே நாபைச் சுற்றிப் பாருங்கள். "கீ" சத்தத்தின் சுருதி நாபோடு சேர்ந்து ஏறி இறங்கினால் அது பிபிடியின் கிளாக். நேரத்தை உச்சத்தில் வைக்கும்போது கிளாக் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் இறங்கிவிடும். 6 அல்லது 7 கிலோஹெர்ட்ஸ் யாருக்கும் கேட்கும், ஃபில்டரைத் தாண்டித் துளி கசியத்தான் செய்யும். உச்சத்திலிருந்து கொஞ்சம் இறக்கினால் அடங்கும்.

நாப் எங்கே இருந்தாலும் ஒரே சுருதி என்றால், அடாப்டர். அணைத்த பிறகும் கேட்கிறது என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்கு இதன்மேல்தான் சந்தேகம். டிஜிட்டல் ரிவர்ப் தன் பிராசசர் கிளாக் இரைச்சலைக் கிளை வயரின் கிரவுண்ட் வழியாக மற்ற பெடல்களுக்குள் தள்ளுகிறது. சோதனை சுலபம்: டிலேக்கு மட்டும் 9 வோல்ட் பேட்டரி போட்டு, அதன் அடாப்டர் வயரைப் பிடுங்கி வாசியுங்கள். சத்தம் போனால் காரணம் உறுதி. போகாவிட்டால் அடுத்து ரிவர்பை வயரிலிருந்தும் கேபிள் வரிசையிலிருந்தும் கழற்றிப் பாருங்கள். வேலை முடிந்ததும் இன்புட் கேபிளைப் பிடுங்கி வையுங்கள், இல்லையென்றால் பேட்டரி காலையில் செத்திருக்கும்.

தீர்வு ஐசொலேட்டட் பவர் சப்ளை, அதாவது ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் தனி கிரவுண்ட் உள்ளது. பல வாய்கள் இருந்தாலே ஐசொலேட்டட் ஆகிவிடாது. உள்ளே ஒரே கிரவுண்டில் இணைத்து விற்பவை நிறைய. மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, சப்ளையை ஆஃப் செய்துவிட்டு, இரண்டு வாய்களின் நடு முனைகளுக்கு இடையே (நெகட்டிவ் அங்கேதான்) அளந்து பாருங்கள். பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்டினால் கிரவுண்ட் ஒன்றுதான், பணம் வீண். இப்போதைக்குச் செலவு வேண்டாம் என்றால் ரிவர்புக்கு மட்டும் தனி அடாப்டர் கொடுங்கள், முக்கால்வாசி அடங்கிவிடும்.

பிற்பாடு பிபிடி கோரஸ் ஒன்றும் சேர்த்தால் கவனம். இரண்டு கிளாக்கும் ஒரே வயரில் மோதி, விசில் போல ஏறி இறங்கும் மூன்றாவது சத்தத்தைக் கிளப்பும். அதற்கும் தனித்தனி அவுட்புட்தான் மருந்து. "ங்ம்ம்" என்ற தடித்த 50 ஹெர்ட்ஸ் முனகல் என்றால் அது வேறு கதை: பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா, கிட்டார் சிங்கிள் காயிலா என்று அந்தப் பக்கம் தேடுங்கள், டிலேயைக் குற்றம் சொல்லாதீர்கள்.

வோல்டேஜையும் பெடல் முதுகில் படித்துவிட்டே மாட்டுங்கள். கார்பன் காப்பி 9 வோல்ட், நடு முனை நெகட்டிவ். ஓவர்டிரைவுக்கு 18 கொடுக்கும் பழக்கத்தை இங்கே காட்டினால் உள்ளே எதாவது வெந்துவிடும். டீலக்ஸ் மெமரி மேனின் சில பதிப்புகள் 24 வோல்ட் கேட்கும், அந்த அடாப்டரைத் தவறிப்போய் வேறு பெடலில் செருகினால் புகைதான்.

இரவல்_ஆம்ப்:

பயாஸ் ட்ரிம் பற்றிச் சாமி ஒரு வரியில் முடித்துவிட்டார், பழைய பெடல் வாங்குபவர்களுக்காகக் கொஞ்சம் சேர்க்கிறேன். மெதுவாக வாசித்தாலும் ரிப்பீட் மட்டும் துப்பித் துப்பி உடைந்து வருகிறது, அல்லது ரிப்பீட்டே வரவில்லை, நேர் ஒலி மட்டும் சரி என்றால்தான் பயாஸைப் பற்றி யோசிக்க வேண்டும். பவர் சரியான 9 வோல்ட்தானா என்று அளந்த பிறகு. சிப்பின் இன்புட் வோல்டேஜ் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்தால் அலையின் ஒரு பாதி முதலில் வெட்டுப்படும், அதுதான் அந்த உடைசல்.

திருப்புவதென்றால்: ட்ரிம் இப்போது இருக்கும் இடத்தில் மெல்லிய மார்க்கரால் கோடு போடுங்கள், போட்டோவும் எடுங்கள். போனிலிருந்து 400 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை இன்புட்டில் கொடுத்து, மிக்ஸ் முழுசாக, ரிப்பீட் பூஜ்ஜியமாக வைத்து, ரிப்பீட் லேசாக உடையத் தொடங்கும்வரை போன் வால்யூமை ஏற்றுங்கள். பிறகு ட்ரிம்மை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி உடைசல் மிகக் குறைவாகிற இடத்தில் நிறுத்துங்கள். மறுபடி வால்யூமை ஏற்றி இன்னொரு முறை. பக்கத்தில் இருக்கும் மற்ற ட்ரிம்கள் கிளாக் கசிவை அடக்குவதற்கும் ரிப்பீட் அளவுக்கும். ஆசிலாஸ்கோப் இல்லாமல் அவற்றில் கை வைத்தால் "கீ" சத்தம் கூடும், குறையாது.

கார்பன் காப்பியில் பயமில்லாமல் திருப்பக்கூடியவை உள்ளே இரண்டு இருக்கின்றன: மாட் பட்டனின் அகலத்துக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று. ரிப்பீட் சுருதி விலகுவதுபோல் தோன்றினால் அகலத்தைக் குறையுங்கள். இரவல் பெடல் என்றால் உரியவரிடம் கேட்டுவிட்டுத் திறங்கள்.

தகதிமி_டிலே:

ஆறுகம்பி, பவர் சரியானதும் உங்கள் பாட்டுப் பட்டியலை பிபிஎம், நடையோடு இங்கே போடுங்கள். எந்தப் பாட்டுக்கு எத்தனை மில்லிசெகண்ட் என்று போட்டுத் தருகிறேன். 75-க்குக் கீழே நாலடிப் பாட்டு மூன்றுக்கு மேல் இருந்தால் 600 பெடலை மறந்துவிட்டு, டிஎம்-2டபிள்யூவின் 800-ஐயோ டேப் உள்ளதையோ பாருங்கள்.